ஐந்துக்கு முன்னால் எத்தனை பூஜ்யங்கள்? – ஈமாக்ஸ் லிஸ்ப் கையேட்டின் திருத்த வரலாறு

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். உரைத்தொகுப்பி மென்பொருள்கள் தமக்கென நிரல்மொழிகளை வளர்த்துக்கொண்ட கதைதான் அவ்வியலின் பொருள். 1990களைப் பற்றிய பகுதியில், ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியில் முழு எண்களுக்கு மேல்வரம்பு கிடையாது என்று ஒரு வாக்கியம் எழுதி, அம்மொழியின் அதிகாரபூர்வப் பார்வைக் கையேட்டை அடிக்குறிப்பில் சான்றாகக் காட்டியிருந்தேன். திரும்பி வந்த தாளில் அந்த அடிக்குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் மூன்று சொற்கள்: “எந்த ஆண்டுக் கையேடு?”

கையேட்டில் பிழை ஏதுமில்லை. நான் படித்த பக்கம் 2020க்குப் பிந்தைய நிலையைச் சரியாகவே சொல்லியிருந்தது. அதைத் தூக்கி முப்பது ஆண்டுகள் பின்னால் வைத்தவன் நான். 1990இல் அம்மொழியில் 83,88,607ஐ விடப் பெரிய முழு எண்ணை எழுதவே இயலாது. தொழில்நுட்ப வரலாறு எழுதுகிற நம்மில் பலருக்கும் இந்தச் சறுக்கல் நேர்ந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். இலக்கியச் சுவடி என்றால் பாடபேதம் பார்க்காமல் ஒரு வரியையும் மேற்கோள் காட்டமாட்டோம். மென்பொருள் கையேடு என்று வந்துவிட்டால், அது என்றும் ஒரே பாடமாக இருந்துவந்ததைப் போல எடுத்தாண்டுவிடுகிறோம். அந்தப் பென்சில் குறிப்புக்குப் பிறகு சில மாதங்கள் இக்கையேட்டின் பழைய பாடங்களைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தேன். கண்டவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்கிறேன்.

கணினியியல் சாராதவர்களுக்காகச் சிறு முன்கதை. ஈமாக்ஸ் என்பது உரை எழுதவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள். 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற முந்தைய தொகுப்பியின் மேல் எழுதப்பட்ட மேக்ரோக்களின் தொகுதியாக அது பிறந்தது. 1979இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதைப் பற்றி எழுதிய ஆய்வகக் குறிப்பின் தலைப்பிலேயே மூன்று அடைமொழிகள் உள்ளன: விரிவாக்கத்தக்கது, விருப்பப்படி மாற்றத்தக்கது, தன்னைத்தானே ஆவணப்படுத்துவது. 1985இல் வெளியான குனு ஈமாக்ஸ் டெக்கோவைக் கைவிட்டு லிஸ்ப் மொழியை ஏற்றது. சி மொழியில் எழுதிய உட்கரு ஒன்றும், அதன்மேல் லிஸ்பில் எழுதிய பெரும்பகுதியும் சேர்ந்ததே அந்த மென்பொருள். பயன்படுத்துபவரும் அதே லிஸ்பில் எழுதித் தொகுப்பியின் எந்தக் கட்டளையையும் மாற்றிக்கொள்ளலாம். எனவே அம்மொழியின் கையேடு நிபுணர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஒரு விசைக்கு வேறு வேலை கொடுக்க விரும்பிய எந்த எழுத்தாளரும் மொழியியலாளரும் அதைப் புரட்டவேண்டியிருந்தது.

கையேட்டின் பதிப்புரிமை வரியில் முதல் ஆண்டு 1990. ராபர்ட் க்ராவிட்ஸ், பில் லூயிஸ், டான் லாலிபர்ட், ஸ்டால்மன், கிறிஸ் வெல்டி ஆகியோர் தன்னார்வலர்களாகப் பல ஆண்டுகள் உழைத்து எழுதியதாக நன்றியுரை சொல்கிறது. பாடத்தைச் சரிபார்த்துச் செப்பனிட உதவியவர் ராபர்ட் சாசெல். அவர் பணிக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆய்வு முகமை நிதி அளித்திருக்கிறது. (மென்பொருள் விடுதலை இயக்கத்தின் தலையாய நூல் ஒன்றுக்குப் படைத்துறைப் பணம் சென்ற கதையைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.) நூல் எழுதப்பட்டது டெக்ஸ்இன்ஃபோ என்ற குறியீட்டு வடிவத்தில். ஒரே மூலப் பாடத்திலிருந்து அச்சுப் புத்தகமும், திரையில் படிக்கும் நூலும் பிறக்கும் ஏற்பாடு அது. நூல் முழுவதும் ‘கணு’ எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு பெயர் இருக்கும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், கணுப்பெயர் பெரும்பாலும் மாறாது. பிழை சொல்பவருக்கும் ஆய்வாளருக்கும் அதுவே பிடிமானம்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன்.

முழு எண்களைப் பற்றிய இயலின் தொடக்கத்தில், ஒரு முழு எண் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கையேடு சொல்லும். அதையடுத்து, ஐந்து என்ற எண் இரும வடிவில் எப்படித் தோன்றும் என்று காட்டும். தொடக்கக் காலப் பாடத்தில் எண்ணுக்கு 24 பிட்டுகள். ஐந்து இவ்வாறு அச்சாகியிருந்தது:

0000 0000 0000 0000 0000 0101

அக்காலக் கணினிகளில் ஒரு சொல்லுக்கு 32 பிட்டுகள். லிஸ்ப் தன் ஒவ்வொரு மதிப்போடும் அது எண்ணா, எழுத்துத் தொடரா, பட்டியலா என்ற அடையாளத்தையும், நினைவகத்தைத் துப்புரவு செய்வதற்கான குறியையும் ஒட்டிவைத்துக்கொள்ளும். அதற்கு எட்டு பிட்டுகள் போக எண்ணுக்கு மிஞ்சியது 24. பின்னர் நிரலாளர்கள் அந்த அடையாளத்தைச் சுருக்கச் சுருக்க, எண்ணுக்குக் கிடைத்த இடம் பெருகியது. 20, 21ஆம் வரிசை வெளியீடுகளுக்கான கையேட்டில் 28 பிட்டுகள், மேல்வரம்பு 13,42,17,727. 2007இல் வந்த 22ஆம் வெளியீட்டுக்கான கையேட்டில் 29 பிட்டுகள், மேல்வரம்பு 26,84,35,455.

இது வெறும் கணக்குச் செய்தியன்று. தொகுப்பியில் திறந்திருக்கும் கோப்பில் ஓர் எழுத்து எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதும் லிஸ்பின் முழு எண்ணால்தான் குறிக்கப்படுகிறது. ஆகவே எண்ணின் மேல்வரம்பே திறக்கத்தக்க கோப்பின் மேல்வரம்பாகவும் இருந்தது. 24 பிட் காலத்தில் எட்டு மெகாபைட், 29 பிட்டில் 256 மெகாபைட், 2010இல் 23.2 வெளியீட்டில் ஒரு பிட் கூடி 512 மெகாபைட். 1990களில் பெரிய அகராதிக் கோப்பையோ மொழித்தரவுத் தொகுதியையோ ஈமாக்ஸில் திறக்க முயன்று தோற்றவர்களுக்கு விடை அந்த ஒரு வரியில் இருந்தது.

திருத்துபவரின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள். 28 பிட் 29 பிட்டாக மாறியபோது, ஐந்தின் படத்தில் ஒரு பூஜ்யம் கூடவேண்டும். நான்கு நான்காகப் பிரித்து எழுதும் வழக்கம் இருந்ததால், கூடிய அந்தப் பூஜ்யம் இடப்பக்கம் தன்னந்தனியாக நின்றது:

0 0000 0000 0000 0000 0000 0000 0101

பார்க்க அழகில்லை; ஆனால் சரியானது. ஐந்தோடு முடிந்திருந்தால் எளிது. கழித்தல் ஒன்று எப்படித் தோன்றும் என்ற படத்திலும் ஓர் ஒன்று கூடவேண்டும். பிட்டுகளை இடப்பக்கம் நகர்த்தும் செயற்கூறு, இரண்டு எண்களின் பிட்டுகளை ஒப்பிடும் செயற்கூறு என ஒவ்வொன்றின் கீழும் இரும எண்களை அடுக்கிய எடுத்துக்காட்டுகள் உண்டு. அவற்றின் ஒவ்வொரு வரியிலும் ஓர் இலக்கம் கூடவேண்டும். ‘28 பிட் இரும மதிப்புகள்’ என்ற தலைப்புக் குறிப்பும் மாறவேண்டும். மிகப்பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் மிகச்சிறிய எதிர்ம எண் விடையாக வரும் என்று எச்சரித்த எடுத்துக்காட்டில் இரண்டு எண்களும் மாறவேண்டும். பொருள்வகைகளை அறிமுகம் செய்யும் முந்தைய இயலில் இதே வரம்பு மறுபடி வருகிறது, அதுவும் மாறவேண்டும். ஒன்று விடுபட்டாலும் கையேடு தனக்குத்தானே முரண்படும். மொழியில் ஒரு பிட் மாற, நூலில் டஜன்கணக்கான இடங்களில் கைவைக்கவேண்டியிருந்தது.

24ஆம் வரிசையின் கையேட்டை எடுத்துப் பார்த்தால், திருத்துபவர்கள் களைத்துப்போய் ஒரு முடிவுக்கு வந்தது தெரிகிறது. பூஜ்யங்களை முழுவதும் எழுதுவதை விட்டுவிட்டார்கள்:

0000...000101

நடுவிலுள்ள புள்ளிகள் 30 பிட்டை நிரப்பப் போதுமான இலக்கங்களைக் குறிக்கும், இந்த இடத்தில் அவை இருபது பூஜ்யங்கள் என்று அடியில் ஒரு விளக்கமும் சேர்ந்தது. அடுத்த முறை மொழி மாறினால், படங்களைத் தொடாமல் அந்த ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். இதே வரம்பைச் சொல்லும் வாக்கியத்தின் வாலையும் கவனித்தேன். 21ஆம் வெளியீட்டுக் காலப் பாடத்தில், ‘சில’ கணினிகள் இதைவிடப் பெரிய வரம்பைத் தரக்கூடும் என்றிருந்தது. 24இன் பாடத்தில் ‘பல’ கணினிகள் தருகின்றன என்று மாறியிருந்தது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு உலகம் நகர்ந்த கதையை ஒரு பெயரடையின் மாற்றத்தில் படிக்கமுடிகிறது. இப்படிப்பட்ட இடங்களுக்காகவே பழைய பாடங்களைப் பாதுகாக்கவேண்டும் என்பேன்.

2020 ஆகஸ்டில் 27.1 வெளியானபோது லிஸ்பின் முழு எண்ணுக்கு அளவு வரம்பே இல்லாமற்போனது. நினைவகம் இடங்கொடுக்கும் வரை எண் வளரலாம். கையேட்டில் ஐந்தின் படம் இப்போது இடப்பக்கம் புள்ளிகளோடு தொடங்குகிறது. புள்ளிகளுக்கான விளக்கமும் மாறிவிட்டது: அவை கருத்தளவில் முடிவற்ற பூஜ்யங்கள். இருபது பூஜ்யங்களைக் குறித்த அதே குறியீடு முடிவின்மையைக் குறிக்கலாயிற்று. கூட்டினால் எதிர்ம எண்ணாகச் சுருளும் என்ற எச்சரிக்கையும் போய்விட்டது. நான் சறுக்கியதும் இங்கேதான். திருத்தப்பட்ட வாக்கியம் கண்ணில் படும். நீக்கப்பட்ட வாக்கியம் இருந்த சுவடே இராது. இன்றைய கையேட்டை மட்டும் படிப்பவர், அந்த எச்சரிக்கைக்கு அஞ்சி எழுதப்பட்ட 1990களின் நிரல்கள் ஏன் அவ்வளவு சுற்றிவளைத்துக் கணக்கிடுகின்றன என்று வியப்பார்.

பிழை என்ற சொல்லை இங்கு நாம் சற்று எச்சரிக்கையோடு கையாளவேண்டும். எழுதும்போதே தவறாக எழுதிய வாக்கியம் ஒரு வகை. எழுதியபோது முற்றிலும் உண்மையாக இருந்து, யாரும் தொடாமலேயே ஒரு நாள் பொய்யாகிப்போன வாக்கியம் வேறு வகை. முதல் வகையைக் கூர்மையான வாசகர் எவரும் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாம் வகையைக் காண, மொழியை மாற்றியவருக்குக் கையேட்டில் அது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். அப்படித் தெரிந்திருப்பது தனிமனிதரின் நினைவாற்றலைச் சார்ந்ததாக முதலில் இருந்தது. மெல்ல மெல்ல அதற்கு நடைமுறைகள் தோன்றின. இக்கையேட்டின் வரலாற்றில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது அந்நடைமுறைகளின் தோற்றமே.

முதலாவது, நூல் எங்கே இருந்தது என்ற கேள்வி. பல ஆண்டுகள் லிஸ்ப் கையேடு மென்பொருளோடு சேர்ந்து வரவில்லை. ஈமாக்ஸை ஒரு பொதியாகவும் கையேட்டைத் தனிப் பொதியாகவும் பெறவேண்டும். அல்லது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இரண்டு தொகுதிகளாக அச்சிட்ட புத்தகத்தை விலைக்கு வாங்கவேண்டும். கையேட்டுக்கெனத் தனிப் பதிப்பெண்களும் இருந்தன. மென்பொருள் ஓர் ஓட்டத்திலும் நூல் வேறோர் ஓட்டத்திலும் சென்றதால், கையிலுள்ள நூல் கையிலுள்ள மென்பொருளைத்தான் விளக்குகிறதா என்று வாசகர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளவேண்டியிருந்தது. 2007 ஜூனில் வந்த 22.1 வெளியீட்டில்தான் கையேடு மென்பொருளின் பொதிக்குள் இடம்பெற்று, மென்பொருளோடு சேர்த்தே உருவாக்கி நிறுவப்படலாயிற்று. முந்தைய பெருவெளியீடான 21.1 வந்தது 2001 அக்டோபரில். அந்த ஆறாண்டு இடைவெளியில் மொழியும் பெரிதும் மாறியிருந்தது. நூல் வீட்டுக்குள் வந்ததன் பயன் வெளிப்படை: ஒரு செயற்கூறை மாற்றுபவர் அதே கையோடு அதன் விளக்கத்தையும் மாற்றி, இரண்டையும் ஒரே பதிவாகச் சேர்க்கலாம்.

ஆனால் வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டுபோலும். தாய்த் திட்டம் கையேட்டை உள்ளே அழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், டெபியன் இயங்குதளத் திட்டம் அதை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. கையேட்டின் உரிமம் குனு கட்டற்ற ஆவண உரிமம். அதன்படி நூலின் சில பகுதிகளை மாற்றக்கூடாதவை என ஆசிரியர் அறிவிக்கலாம். ஈமாக்ஸ் லிஸ்ப் கையேட்டில் குனு பொது உரிமத்தின் பாடம் அவ்வாறு அறிவிக்கப்பட்டிருந்தது. முன்னட்டையிலும் பின்னட்டையிலும் இருக்கவேண்டிய வாசகங்களும் வரையறுக்கப்பட்டிருந்தன. 2006 மார்ச்சில் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மாற்றக்கூடாத பகுதி இல்லாத நூல் கட்டற்றதே, இருக்கும் நூல் அவ்வாறு ஆகாது என்பது முடிவு. அதன்பின் டெபியனில் ஈமாக்ஸை நிறுவுபவருக்கு மென்பொருள் கிடைக்கும், கையேடு கிடைக்காது. கட்டற்றவையல்ல என ஒதுக்கிய பகுதியிலிருந்து அதைத் தனியே பெறவேண்டும்.

ஸ்டால்மன் தரப்பின் வாதத்தையும் சொல்லவேண்டும். கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டற்ற கையேடு வேண்டும் என்று அவரே ஒரு கட்டுரையில் வலியுறுத்தியிருக்கிறார். நிரலை மாற்றுபவர் மனசாட்சியுள்ளவராக இருந்தால் கையேட்டையும் மாற்ற விரும்புவார், அதற்கு உரிமம் தடையாக நிற்கக்கூடாது என்பது அதன் சாரம். தொழில்நுட்பப் பகுதி அனைத்தும் மாற்றத்தக்கதாக இருக்கும்போது, உரிமப் பத்திரத்தை மட்டும் மாற்றாதே என்பதால் திருத்தும் பணிக்கு இடையூறில்லை என்று அவர் கருதினார். டெபியனின் அளவுகோல் வேறு: மென்பொருளுக்கு ஒரு நீதி, நூலுக்கு ஒரு நீதி இருக்கமுடியாது. எனக்கு இதில் டெபியனின் தர்க்கம் சீரானதாகவும், அதன் விளைவு வருந்தத்தக்கதாகவும் தோன்றுகிறது. மென்பொருளையும் நூலையும் ஒரே இடத்தில் வைத்தால் நூல் சரியாக இருக்கும் என்பதற்காக எடுத்த முயற்சி, வாசகரின் கணினியை எட்டுவதற்குள் மறுபடி இரண்டாகப் பிரிந்துவிட்டது.

இரண்டாவது, குறிகள். ஈமாக்ஸின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ‘செய்திகள்’ என்ற கோப்பு ஒன்று உண்டு. புதிதாக வந்தவை, மாறியவை எல்லாம் அதில் பட்டியலாகும். வெளியீடு தயாராகிக்கொண்டிருக்கும் காலத்தில், பட்டியலின் ஒவ்வொரு பதிவுக்கும் மேல் +++ அல்லது --- என்ற குறி இடப்படும். முதலாவது, தொடர்புடைய கையேடுகள் அனைத்தும் திருத்தப்பட்டுவிட்டன என்பதற்கு. இரண்டாவது, இம்மாற்றத்துக்குக் கையேட்டில் எதுவும் எழுதவேண்டியதில்லை என்பதற்கு. குறியே இல்லாத பதிவு, யாரோ பார்க்கவேண்டிய பாக்கி. வெளியீட்டின்போது இக்குறிகள் அகற்றப்படுவதால் வாசகர் அவற்றைக் காண்பதில்லை. மூன்று கூட்டல் குறிகள் ஒரு நிறுவனத்தின் வேலையைச் செய்கின்றன என்றால் மிகையாகாது. மறதியால் நேரும் பிழைக்கு அதைவிட மலிவான மருந்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

22ஆம் வெளியீட்டைத் தயாரித்த காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கையேட்டின் ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு பேர் முழுவதும் படித்து, செய்திகள் உண்மைதானா என்று சரிபார்க்கவேண்டும் என்று விதித்தார்கள். இயல்களின் கோப்புப்பெயர்களைப் பட்டியலிட்டு, படித்து முடித்தவர் தம் பெயரை எதிரே எழுதவேண்டும். மெய்ப்புப் பார்ப்பவர் இருவர் வேண்டும் என்பது பதிப்பகங்களின் பழைய ஒழுங்கு. அதைத் தன்னார்வலர்கள் கண்டங்கள் கடந்து, ஊதியமின்றி, ஓர் எளிய உரைக் கோப்பை வைத்துக்கொண்டு நடத்தினார்கள். அப்பட்டியலை நிர்வாகக் கோப்புகளின் அடைவில் பார்த்தபோது, இது அச்சக வரலாற்றுக்கும் உரிய ஆவணம் என்று தோன்றியது.

மூன்றாவது சிக்கல், ஒரே செய்தி இரண்டு நூல்களில் வாழ்வது. ஈமாக்ஸ் தன்னைத்தானே ஆவணப்படுத்துவது என்றேன் அல்லவா? ஒவ்வொரு செயற்கூறின் நிரலுக்குள்ளேயே அதன் விளக்கமும் எழுதப்பட்டிருக்கும். பயனர் ஒரு விசையை அழுத்தி அதை உடனே படிக்கலாம். கையேடு அதே செயற்கூறை இன்னும் விரிவாக, சூழலோடு விளக்கும். உள்விளக்கம் சுருக்கம், கையேடு விரிவு. ஆனால் இரண்டும் முரண்படக்கூடாது. உள்விளக்கத்தின் முதல் வரி தனித்துப் பொருள்தரும் முழு வாக்கியமாக இருக்கவேண்டும், உள்ளீடுகளின் பெயர்கள் பேரெழுத்தில் வரவேண்டும் என்றெல்லாம் கையேட்டின் பின்னிணைப்பு விதிக்கிறது. முதல் வரி பற்றிய விதிக்குக் காரணம், தேடல் கட்டளை அந்த ஒரு வரியை மட்டுமே எடுத்துக்காட்டும் என்பது. எரிக் லட்லம் எழுதிய செக்டாக் என்ற கருவி இவ்விதிகள் மீறப்பட்ட இடங்களைச் சுட்டிக்காட்டும். நடையைக் கருவி சோதிக்கலாம். உண்மையைச் சோதிக்க முடியாது. மிகப்பெரிய முழு எண்ணைத் தாங்கும் மாறி ஒன்று லிஸ்பில் உண்டு. லிஸ்ப் கையாளக்கூடிய மிகப்பெரிய எண் என்று அதற்கு எழுதிய விளக்கம் நடை விதிகள் அனைத்துக்கும் உட்பட்டது. 27.1க்குப் பிறகு அந்த வாக்கியம் பொய். ‘சிறு’ முழு எண்களுள் மிகப்பெரியது என்று யாரோ ஒருவர் நினைவாக மாற்றவேண்டியிருந்தது.

நூல் கிளைத்த கதை ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992இல் ஈமாக்ஸிலிருந்து லூசிட் ஈமாக்ஸ் பிரிந்து, பின்னர் எக்ஸ்ஈமாக்ஸ் ஆயிற்று. மென்பொருள் கிளைத்தபோது கையேடும் கிளைத்தது. குனு கையேட்டை அடிப்படையாகக் கொண்டு பென் விங் எக்ஸ்ஈமாக்ஸுக்கான லிஸ்ப் கையேட்டை உருவாக்கினார். இரண்டு நூல்களிலும் இயல் அமைப்பும் பத்திகளும் பெரிதும் ஒன்றே. ஆனால் எக்ஸ்ஈமாக்ஸில் எழுத்துரு என்பது எண்ணிலிருந்து வேறுபட்ட தனி வகை. குனுவில் எழுத்துருவே ஓர் எண். ஒரே பத்தி ஒரு நூலில் உண்மை, மற்றதில் பொய். தாய்ச்சுவடியில் பின்னர் செய்த திருத்தம் கிளைச்சுவடிக்குத் தானாகச் செல்லாது என்பது சுவடியியல் மாணவர்களுக்குப் பழகிய செய்திதான். இங்கே அது இருபதாண்டுக்குள் நடந்து முடிந்தது.

வாக்கியத்தை மாற்றாமல் வரிசையை மாற்றுவதும் திருத்தமே என்பதற்கு மாறிகள் பற்றிய இயல் சான்று. ஒரு செயற்கூறுக்குள் வரும் பெயரின் மதிப்பை, அச்செயற்கூறை அழைத்தவரின் சூழல் தீர்மானிப்பதா, அது எழுதப்பட்ட இடம் தீர்மானிப்பதா? ஈமாக்ஸ் லிஸ்ப் தொடக்கத்திலிருந்து முதலாவதையே பின்பற்றியது. 2012இல் வந்த 24.1 இரண்டாவதையும் அனுமதித்தது. கோப்பின் முதல் வரியில் அறிவிப்பு ஒன்றை எழுதினால் அக்கோப்புக்குப் புதிய முறை பொருந்தும். அப்போதைய கையேடு பழைய முறையை முதலில் விளக்கி, புதியதைப் பின்னால் வைத்தது. பின்வந்த பாடங்களில் வரிசை தலைகீழாகிவிட்டது: புதிய முறை முன்னால், பழையது பின்னால். எது வழக்கம், எது விலக்கு என்ற தீர்ப்பு இயல்வரிசையில் இருக்கிறது. இவ்வாறு முதன்மை மாறும்போது, பிற இயல்களில் உள்ள எடுத்துக்காட்டுகளை யாராவது ஒருவர் ஓட்டிப்பார்த்தாக வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு ஒரு செய்தி. இத்திருத்தங்கள் அனைத்துக்கும் நாட்குறிப்பு உண்டு. கையேட்டின் அடைவிலேயே மாற்றப் பதிவேடு பராமரிக்கப்பட்டது. நாள், திருத்தியவர் பெயர், கோப்பு, அடைப்புக்குறிக்குள் கணுவின் பெயர், செய்த மாற்றம் என ஒரே சீராகப் பதிவுகள் இருக்கும். 2014இல் திட்டம் கிட் முறைக்கு மாறிய பின் இதே வடிவம் பதிவுச் செய்திகளில் தொடர்கிறது. இவ்வளவு ஒழுங்கான சான்றுத்தொகுதி மனிதவியல் ஆய்வில் அரிது. ஒரு குறையும் உண்டு. குனுவின் எழுத்து விதிகளின்படி அப்பதிவேடு என்ன மாறியது என்பதை மட்டும் சொன்னால் போதும். ஏன் மாறியது என்ற விளக்கம் தேவைப்பட்டால் அது நிரலுக்குள் குறிப்பாக இருக்கவேண்டும். கையேட்டுத் திருத்தத்துக்கு அப்படிக் குறிப்பெழுத இடமேது? ஆகவே ‘சில’ என்பது ‘பல’ ஆன நாளைக் கண்டுபிடிக்கலாம். மாற்றியவர் மனத்தில் இருந்ததைப் பதிவேடு சொல்லாது. நன்றியுரையில் திருத்தம் அனுப்பியவர்களின் நீண்ட பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அவருள் யார் எந்தப் பிழையைச் சொன்னார் என்பதும் அங்கே இல்லை.

இப்போது என் அடிக்குறிப்பைத் திருத்திவிட்டேன். வெளியீட்டு எண், ஆண்டு, கணுவின் பெயர் மூன்றும் அதில் உள்ளன. உடலில் 24, 28, 29, 30 என்ற வரிசை ஒரு பத்தியாகியிருக்கிறது. அதை எழுதும்போதுதான் பழைய பதிப்பின் முன்னுரைப் பகுதியை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். நூலில் குறைகள் இருக்கக்கூடும் என்று ஆசிரியர்கள் அங்கேயே ஒப்புக்கொண்டு, படிக்கும்போதே பக்கங்களில் திருத்தங்களைக் குறித்துவைத்துப் பின்னர் அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். அனுப்பும்போது கணுவின் பெயரையும், செயற்கூறு அல்லது மாறியின் பெயரையும் குறிப்பிடவேண்டுமாம். கூடவே, எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அதன் எண்ணையும் சொல்லிவிடுங்கள் என்கிறார்கள். நெறியாளர் பென்சிலால் கேட்ட கேள்வி நூலின் முதற்பக்கங்களிலேயே அச்சாகியிருந்தது.